விமானம் எப்படிப் பறக்கிறது? குழந்தைகள் விடாமல் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளோடு அறிவியல் பேச உட்கார்ந்தால், எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும் பேச்சு எப்படியோ விமானத்தில் வந்து நிற்கும். வரும் கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதியது. பின்பாதியில் வரும் சில கேள்விகள் பெரியவர்களையும் யோசிக்க வைக்கும். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பிளேன் இவ்வளவு வெயிட்டா இருக்கே, எப்படிக் கீழே விழாம மேலயே நிக்குது?

அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும்போது அதன் இறக்கைகள் எதிரே வரும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. எதை நாம் தள்ளினாலும் அதுவும் நம்மைத் திருப்பித் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளலுக்குத் தூக்குவிசை என்று பெயர். அது விமானத்தின் எடைக்குச் சமமாக இருக்கும்வரை விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குக் கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் "காற்றைக் கீழே தள்ளுவது" என்பதில்தான் வந்து முடியும். அப்புறம் ஒன்று, விமானத்தை இரும்பில் செய்வதில்லை. பெரும்பாலும் அலுமினியக் கலவை; புதிய விமானங்களில் கார்பன் இழை. ஆனாலும் எடை குறைவு என்று சொல்ல முடியாது. ஏர்பஸ் ஏ380 முழுச் சுமையோடு கிளம்பும்போது 575 டன் வரை இருக்கும்.

காத்துல ஒண்ணுமே இல்லையே! அதைப் போய் எப்படித் தள்ள முடியும்?

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் காற்று ஒன்றுமில்லாதது ஆகிவிடாது. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் காற்று மட்டும் 43 கிலோ. உங்களைவிட அது கனமாக இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக இருக்கிறது. அதன் மொத்த அழுத்தம் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 10 டன். எல்லாப் பக்கமிருந்தும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. இப்போது ஏர்பஸ் ஏ320 விமானத்தைப் பாருங்கள். கிளம்பும்போது அதன் எடை ஏறத்தாழ 78 டன், இறக்கைகளின் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்க வேண்டியது 640 கிலோ. அதாவது இறக்கைக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தைவிட மேலே இருக்கும் அழுத்தம் நூற்றுக்கு ஆறோ ஏழோ பங்கு குறைந்தாலே போதும், விமானம் எழும்பிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, "எப்படித் தூக்குகிறது?" என்ற ஆச்சரியம் எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.

இறக்கை ஆடவே இல்லை. அப்புறம் எப்படிக் காத்தைக் கீழே தள்ளுது?

ஒரு கெட்டியான அட்டையை எடுத்துக்கொண்டு ஓடும் மின்விசிறிக்கு எதிரே பிடியுங்கள். விரல்களை விசிறியின் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அட்டையைப் படுக்கையாகப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. விசிறியைப் பார்க்கும் விளிம்பைக் கொஞ்சம் தூக்குங்கள். அட்டை உங்கள் கையை மேலே இழுக்கும். அதே நேரத்தில் அட்டைக்குப் பின்னால், சற்றுக் கீழே, இன்னொரு கையை வைத்தால் காற்று கீழ்நோக்கி வருவது தெரியும். விமான இறக்கையும் இப்படி முன்விளிம்பு சற்றே தூக்கியபடிதான் காற்றில் போகிறது.

அடிப்பக்கம் மோதும் காற்றுதான் கீழே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மேல்பக்கத்துக்குத்தான் இதில் பெரிய பங்கு. இறக்கையின் மேலே போகும் காற்று அதன் வளைவை ஒட்டிக்கொண்டே பின்னால் கீழ்நோக்கி இறங்குகிறது. காற்று அப்படி வளைய வேண்டுமென்றால் இறக்கைக்கு அருகில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைந்த அழுத்தம்தான் முந்தைய பதிலில் சொன்ன ஆறேழு பங்கு.

எங்க புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே? மேலே போற காத்துக்கு வழி நீளம், அதனால வேகமா ஓடி கீழே போற காத்தோட சேர்ந்துக்கும்னு?

இந்த விளக்கம் பல புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் தவறு. பிரிந்து போன இரண்டு காற்றுத் துளிகளும் இறக்கையின் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றை ஓடவிட்டு இறக்கைகளைச் சோதிக்கும் பெரிய குழாய்) புகையை விட்டு விட்டு அனுப்பிப் பார்த்தால், மேலே போன புகை முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீழே போனது பின்தங்கி வருகிறது. இரண்டும் சேர்வதே இல்லை.

அந்த விளக்கத்தில் சரியான ஒரு பாதியும் இருக்கிறது. மேலே காற்று வேகமாகப் போவது உண்மை, அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதும் உண்மை. இவை இரண்டுக்கும் உள்ள தொடர்பை சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தவறு "ஏன் வேகம்?" என்பதற்குச் சொன்ன காரணத்தில்தான். மேலே அழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தை நோக்கிக் காற்று பாய்ந்து வருகிறது, அதனால் வேகம் கூடுகிறது. சிலர் "நியூட்டனா, பெர்னூலியா?" என்று கட்சி பிரிந்து வாதம் செய்வார்கள். அதற்கு அவசியமே இல்லை. அழுத்த வித்தியாசத்தைக் கூட்டிக் கணக்கிட்டாலும், கீழே தள்ளப்பட்ட காற்றைக் கணக்கிட்டாலும் விடை ஒன்றுதான்.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். "மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம்" என்று எழுதுங்கள். அது எந்த ஆசிரியரிடமும் மதிப்பெண் வாங்கித் தரும், உண்மையும்கூட.

இறக்கை மேல்பக்கம் வளைஞ்சு இருக்கறதாலதான் பறக்குதுன்னா, சாகச விமானம் எப்படித் தலைகீழா பறக்குது?

அருமையான கேள்வி. வளைவு மட்டுமே காரணமாக இருந்தால், கவிழ்ந்ததும் அது தரையை நோக்கிப் பாய வேண்டும். அப்படி நடப்பதில்லை. கவிழ்ந்து பறக்கும்போது விமானி மூக்கை வானத்தை நோக்கிச் சற்று அதிகமாகத் தூக்கிக்கொள்கிறார். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் விளிம்பைத் தூக்கினால் அது மேலே இழுத்தது அல்லவா, அதே கதைதான். சாகச விமானங்களின் இறக்கைகள் பலவற்றில் மேலும் கீழும் ஒரே அளவு வளைவுதான் இருக்கும்.

வளைவு வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைந்த இறக்கை குறைந்த எதிர்ப்போடு காற்றைக் கீழே திருப்பும், எரிபொருள் மிச்சம். பறப்பதற்குக் கோணம் போதும். சிக்கனமாகப் பறப்பதற்கு வளைவு வேண்டும்.

எவ்வளவு வேகம் வந்தா பிளேன் மேலே ஏறும்?

விமானத்தைப் பொறுத்தது. இரண்டு, நான்கு பேர் போகும் சிறிய விமானங்கள் மணிக்கு 100 கிலோமீட்டரிலேயே எழும்பிவிடும். பெரிய ஜெட் விமானங்களுக்கு 250 முதல் 290 வரை தேவைப்படும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஒரு நொடியில் இறக்கை சந்திக்கும் காற்றும் இரு மடங்கு, அதைக் கீழே தள்ளும் வேகமும் இரு மடங்கு. இரண்டும் பெருகி நான்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே வேகம் என்று சொல்வது தரையை வைத்து அளப்பது அல்ல, காற்றை வைத்து அளப்பது. எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் அடித்தால் விமானத்துக்கு அந்த 30 இலவசமாகக் கிடைத்துவிடும். விமானங்கள் காற்றை எதிர்த்துக் கிளம்புவதும் காற்றை எதிர்த்தே இறங்குவதும் இதனால்தான்.

ஜன்னல் வழியா பார்த்தேன், இறங்கும்போது இறக்கையோட பின்பக்கம் தனியா கழண்டு வந்துச்சு. உடைஞ்சிருச்சா?

உடையவில்லை. அதற்கு ஃபிளாப் என்று பெயர். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் வேகம் குறைந்தால் தூக்குவிசையும் குறையும். அதனால் இறக்கையை நீட்டி, பின்பக்கத்தைக் கீழ்நோக்கி வளைத்து, அதிகக் காற்றைக் கீழே திருப்புகிறார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் பலகைகள் நிமிர்ந்து நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். அவை ஸ்பாய்லர்கள். தூக்குவிசையைக் கெடுத்து, முழு எடையையும் சக்கரங்களின் மேல் உட்கார வைப்பது அவற்றின் வேலை. அப்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

ஜெட் இன்ஜின் காத்தை உறிஞ்சுதா, ஊதுதா?

இரண்டும். முன்னால் தெரியும் பெரிய விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் ஒரு பங்கு இன்ஜினின் நடுப்பகுதிக்குள் போய், நெருக்கி அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிகிறது. 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடான அந்த வாயு ஒரு டர்பைனை, அதாவது இதழ்கள் பொருத்திய சக்கரத்தை, சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. டர்பைன்தான் முன்னால் இருக்கும் விசிறியையும் சுழற்றுகிறது. இன்றைய பெரிய இன்ஜின்களில் விசிறி இழுக்கும் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு நெருப்புப் பக்கமே போவதில்லை. நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டு நேரே பின்னால் போய்விடுகிறது. உந்துவிசையில் பெரும்பகுதி இந்தக் காற்றிலிருந்துதான் வருகிறது.

"பின்னால் போகும் காற்று வெளியே இருக்கும் காற்றில் முட்டுவதால்தான் விமானம் முன்னே போகிறது" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். முட்ட வேண்டியதில்லை. காற்றைப் பின்னால் வீசும் செயலே இன்ஜினை முன்னே தள்ளிவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, இன்ஜின் பின்னே தள்ளுகிறது, விதி ஒன்றேதான். ஜெட் இன்ஜினுக்கு இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டில் 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் முதலில் பறந்த ஜெட் விமானம் ஜெர்மனியில், ஹான்ஸ் ஃபொன் ஓகைன் உருவாக்கிய இன்ஜினோடு, 1939 ஆகஸ்ட் 27 அன்று கிளம்பியது.

கார் மாதிரி சக்கரத்தையும் இன்ஜின்தான் சுத்துதா?

இல்லை. விமானத்தின் சக்கரங்கள் சும்மா உருளும், அவ்வளவுதான். தரையில் ஓடும்போதும் அதைத் தள்ளுவது பின்னால் போகும் காற்றே. அதனால்தான் பயணிகள் ஏறிய பிறகு விமானத்தைப் பின்னுக்கு நகர்த்த ஒரு இழுவை வண்டி வருகிறது.

அப்போ ரன்வேயே பின்பக்கமா ஓடுற பெல்ட்டா இருந்தா, பிளேன் அதே இடத்துல நின்னுடுமா?

பெரியவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் கேள்வி இது. முந்தைய பதிலைப் படித்திருந்தால் விடை உங்களிடமே இருக்கிறது. கார் என்றால் நின்றுவிடும், ஏனென்றால் கார் தரையைத்தான் தள்ளுகிறது. விமானம் தள்ளுவது காற்றை. பெல்ட் பின்னால் ஓடினால் சக்கரங்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும். விமானம் பாட்டுக்கு முன்னே ஓடிக் கிளம்பிவிடும்.

வானத்துல இன்ஜின் நின்னுட்டா பொத்துன்னு விழுந்துடுமா, அக்கா?

விழாது. இறக்கத்தில் பெடலை மிதிக்காமலே சைக்கிள் போவது போல, விமானமும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து முன்னே போய்க்கொண்டிருக்கும். ஒரு பெரிய பயணிகள் விமானம் ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் 15 கிலோமீட்டருக்கு மேல் முன்னே போய்விடும். 10 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் இறங்க இடம் தேடலாம். ஒரு இன்ஜின் மட்டும் நின்றால் இந்தக் கவலையும் இல்லை. மீதமுள்ள இன்ஜினோடு பறக்கும்படிதான் விமானத்தை வடிவமைக்கிறார்கள்.

இது வெறும் கணக்கு இல்லை, உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு கிலோ கணக்கில் நிரப்ப வேண்டிய எரிபொருளைப் பவுண்டு கணக்கில் நிரப்பிவிட்டார்கள். பாதி வழியில், 12 கிலோமீட்டர் உயரத்தில், எரிபொருள் தீர்ந்தது. விமானி அதை மிதந்தபடியே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 2001 ஆகஸ்டில் ஓர் ஏர்பஸ் ஏ330 அட்லாண்டிக் கடலுக்கு மேலே இரண்டு இன்ஜின்களும் நின்ற பிறகு சுமார் 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய ஏ320 விமானத்தின் இரு இன்ஜின்களிலும் வாத்துகள் அடிபட்டன. விமானி அதை ஹட்சன் ஆற்றின் மேல் இறக்கினார், உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். முதல் இரண்டிலும்கூட யாரும் சாகவில்லை. அளவு மாறிப்போன அந்தக் கிலோ-பவுண்டு கதையை, அலகு எழுதாமல் விடை எழுதுகிறவர்களுக்கெல்லாம் நான் தவறாமல் சொல்வேன்.

அப்படின்னா பிளேன் எப்போதான் தூக்குறதை நிறுத்தும்?

இறக்கையை அளவுக்கு மீறித் தூக்கும்போது. மின்விசிறிச் சோதனையில் அட்டையை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பாருங்கள். மேலே இழுக்காது, பின்னால் தள்ளத்தான் செய்யும். விமான இறக்கையிலும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு போன காற்று பிய்ந்து சுழல ஆரம்பிக்கும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதை ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரில் "ஸ்டால் ஆயிடுச்சு" என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள்.

வெளியே வரும் வழி பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும். விமானம் கீழே போகும்போதே விமானி மூக்கை இன்னும் கீழே இறக்க வேண்டும். கோணம் குறையும், காற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும், தூக்குவிசை திரும்பும். பயத்தில் மூக்கை மேலே இழுத்தால் நிலைமை மோசமாகும். விமானிகளுக்கான பயிற்சியில் இது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

ஸ்டீயரிங்கைத் திருப்பினா பிளேன் திரும்பிடுமா?

முதலில் சாயும், அப்புறம்தான் திரும்பும். இறக்கைகளின் நுனிப்பக்கம் எய்லரான் என்ற சிறிய மடிப்புகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் அசைந்தால் விமானம் ஒருபுறம் சாயும். அப்போது தூக்குவிசையும் சாய்ந்து, விமானத்தை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வாலில் இருக்கும் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். செங்குத்தாக நிற்கும் வாலில் உள்ள ரட்டர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும்.

ரைட் சகோதரர்கள் ஜெயித்தது இந்த விஷயத்தில்தான் என்பது என் கருத்து. இன்ஜின் மற்றவர்களிடமும் இருந்தது. காற்றில் சாய்வதையும் திரும்புவதையும் விமானியின் கைக்குள் கொண்டுவந்தது அவர்கள்தான். அவர்களுடைய விமானத்தில் மடிப்புகள் கிடையாது. இறக்கையின் நுனியையே கம்பி கட்டி முறுக்கினார்கள்.

கொஞ்சம் தாழ்வாவே போகலாமே? ஏன் அவ்வளவு உயரம்?

11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்தில் மூன்று பங்குதான். காற்று குறைவென்றால் எதிர்ப்பும் குறைவு, அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். மழை மேகங்களில் பெரும்பாலானவையும் கீழேயே தங்கிவிடும்.

வெளியே குளிர் மைனஸ் 56 டிகிரி வரை இருக்கும், மூச்சுவிடப் போதிய காற்றும் கிடையாது. அதனால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி, சுமார் 2,000 மீட்டர் மலைமேல் இருப்பது போன்ற நிலையில் வைத்திருக்கிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைப்பது இந்த அழுத்தம் மாறுவதால்தான். இன்ஜினிலிருந்து வரும் நீராவி அந்தக் குளிரில் பனித்துகளாக உறைந்துவிடுவதால்தான் விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு தெரிகிறது. புகை என்று நினைக்க வேண்டாம்.

மேலே காத்து கம்மின்னா தூக்குவிசையும் கம்மியாகுமே? அப்போ எப்படித் தாங்குது?

முந்தைய பதிலைக் கவனமாகப் படித்தவர்கள் கட்டாயம் இங்கே வந்து நிற்பார்கள். விடை, வேகம் பற்றிய பதிலில் இருக்கிறது. காற்று பத்தில் மூன்று பங்காகக் குறைந்தால், வேகத்தை இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினாலே இழந்தது திரும்பிவிடும். பயணிகள் விமானங்கள் மேலே மணிக்கு 850, 900 கிலோமீட்டரில் போகின்றன. கிளம்பிய வேகத்தைப் போல அது மூன்று மடங்கு. அதனால் இறக்கை தாராளமாகச் சமாளிக்கிறது, ஃபிளாப்களையும் உள்ளே மடித்து வைத்துவிடலாம்.

இதன் மறுபக்கம் வெயிலில் தெரியும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. கடும் வெயில் நாளில் விமானம் எழும்ப அதிக வேகமும் நீளமான ஓடுதளமும் வேண்டும். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 டிகிரியை நெருங்கியபோது சில சிறிய ஜெட் விமானங்கள் கிளம்பவே முடியாமல் ரத்தாயின.

பூமிதான் சுத்துதே! பிளேன் மேலே போய்ச் சும்மா நின்னா, போக வேண்டிய ஊர் தானா கீழே வந்துடாதா?

வராது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் இருக்கிறது. அப்படி இல்லையென்றால் நாம் வெளியே வந்ததுமே பயங்கரமான புயல் அடித்துத் தள்ளியிருக்கும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டங்கள் உண்டு. அவற்றோடு சேர்ந்து போனால் பயண நேரம் குறையும், எதிர்த்து வந்தால் கூடும்.

குலுங்கும்போது ஏர் பாக்கெட்டுக்குள்ள விழுதுன்னு அப்பா சொன்னாங்க. காத்துல ஓட்டை இருக்குமா?

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், காற்றில் ஓட்டை கிடையாது. சில இடங்களில் காற்று மேலே ஏறும், பக்கத்திலேயே கீழே இறங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது குலுங்குகிறது. அப்போது இறக்கை நுனி மேலும் கீழும் வளைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வளையாமல் விறைப்பாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். பறப்பில் எதிர்பார்க்கும் மிக அதிகமான சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கினால்தான் இறக்கைக்கு அனுமதியே கிடைக்கும். குலுக்கலில் காயம் படுகிறவர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட் போடாதவர்கள்.

மின்னல் அடிச்சா?

அடிக்கத்தான் செய்கிறது. மின்சாரம் விமானத்தின் உலோக வெளிப்பரப்பு வழியாக ஓடி மறுமுனையில் வெளியேறிவிடும். கார்பன் இழை விமானங்களில் இதற்காகவே மெல்லிய உலோக வலை பதித்திருக்கிறார்கள்.

பறவை மாதிரி இறக்கையை அடிச்சுப் பறக்கலாம்ல? ஏன் அப்படிச் செய்யல?

பல நூற்றாண்டுகள் மனிதர்கள் அதைத்தான் முயன்று பார்த்தார்கள். பறவை தன் இறக்கையால் இரண்டு வேலையைச் செய்கிறது, தூக்குவதும் முன்னே தள்ளுவதும். இவற்றைப் பிரித்துவிடலாம், ஆடாத இறக்கை தூக்கட்டும், தள்ளுவதற்கு வேறு ஒன்று இருக்கட்டும் என்று 1799-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி வரைந்து காட்டினார். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்டால் இன்ஜின் இல்லாத மிதவை விமானங்களில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். 1896-இல் ஒருநாள் அவருடைய மிதவை ஸ்டால் ஆகி விழுந்து இறந்துபோனார். ரைட் சகோதரர்கள் 1901-இல் சொந்தமாக ஒரு காற்றுச் சுரங்கம் செய்து 200 இறக்கை வடிவங்கள் வரை சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் முதல் பறப்பு 12 நொடி, சுமார் 37 மீட்டர். இன்றைய ஜம்போ ஜெட்டின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை பறந்திருந்தால்கூட 60 மீட்டருக்கு மேல் ஆகியிருக்கும்.

நான் செய்யற பேப்பர் பிளேன் மேலே ஏறி, நின்னு, விழுந்துடுது. ஏன்?

ஸ்டால் ஆகிறது. மூக்கு அளவுக்கு மீறித் தூக்குகிறது. மூக்கில் இன்னொரு மடிப்போ ஒரு காகித கிளிப்போ சேர்த்துக் கனமாக்குங்கள். நேராகப் போய் மூக்கு குத்தி விழுந்தால் எதிர் வைத்தியம்: இறக்கையின் பின்விளிம்பை ஒரு துளி மேலே வளையுங்கள். ஒரே ஒரு மாற்றம் செய்து பறக்கவிட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நிலாவுல பிளேன் ஓட்ட முடியுமா? செவ்வாய்ல?

நிலாவில் முடியாது. அங்கே காற்றே இல்லை, கீழே தள்ள ஒன்றும் கிடையாது. செவ்வாயில் காற்று இருக்கிறது, ஆனால் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அங்கே 2021 ஏப்ரல் 19 அன்று இன்ஜெனுவிட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் பறந்தது. ஹெலிகாப்டரின் விசிறியும் இறக்கைதான். விமானம் ஓடுவதற்குப் பதிலாக இறக்கை மட்டும் சுற்றி ஓடுகிறது. மெல்லிய காற்றை ஈடுகட்ட, அது நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழன்றது. வேகத்தை வைத்துக் காற்றின் குறையைச் சரிக்கட்டும் அதே தந்திரம். 2024 ஜனவரியில் ஓய்வதற்குள் 72 முறை பறந்தது.

மூடின பெட்டிக்குள்ள பத்துப் பறவை. எல்லாம் ஒரே நேரத்துல பறந்தா பெட்டியோட எடை குறையுமா?

குறையாது. ஒவ்வொரு பறவையும் தன் எடைக்குச் சமமாகக் காற்றைக் கீழே தள்ளினால்தான் மேலே இருக்க முடியும். அந்தக் காற்று பெட்டியின் தரையை அழுத்தும். சராசரியாகப் பார்த்தால் தராசு அதே எடையைத்தான் காட்டும். கம்பிக் கூண்டு என்றால் காற்று கீழே வெளியேறிவிடும், எடை குறைவாகக் காட்டலாம்.

அப்போ ஒரு பிளேன் நம்ம தலைக்கு மேலே போகும்போது, அதோட வெயிட் நம்ம மேலயும் படுதா?

ஆமாம், படுகிறது. விமானத்தின் எடை கடைசியில் காற்று வழியாகத் தரைக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆனால் 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும்போது அது நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் பரவிவிடுகிறது. உங்கள் தலைக்கு வரும் பங்கை எந்தச் சாதாரணக் கருவியாலும் அளக்க முடியாது. விமானத்துக்கு நேர் பின்னால் அப்படி இல்லை. கீழே தள்ளப்பட்ட காற்று இரண்டு பெரிய சுழல்களாக இறங்கிக்கொண்டிருக்கும். அதில் மாட்டினால் சிறிய விமானம் கவிழ்ந்துவிடும் அபாயம் உண்டு. பெரிய விமானம் கிளம்பிய பிறகு அடுத்து நிற்கும் சிறிய விமானத்தை இரண்டு மூன்று நிமிடம் ஓடுதளத்தில் காக்க வைப்பது அதனால்தான்.